வசூலாகாத பணத்துக்கு 18 சதவீதம்

ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-ஆவது கூட்டம் 2025 செப்டம்பர் 3 அன்று எடுத்த முடிவுகளில் கார், டிராக்டர் விலை இறங்கியதுதான் ஊர்ப்பேச்சானது. ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு வந்த செய்தி வேறு. தனியாகப் பட்டியலிடப்படாத ஜாப் ஒர்க் அனைத்துக்கும் வரி 12-லிருந்து 18 ஆனது. செப்டம்பர் 22 முதல் பில்லில் ஏறிவிட்டது. அதே நாளில் தோல், மருந்து ஜாப் ஒர்க் 5-க்கு இறங்கியது. வண்டி உதிரிபாகங்கள் 28-லிருந்து 18-க்கு வந்தன. மெட்டீரியல் வாங்கிப் பாகம் செய்து விற்பவருக்குச் சுமை குறைந்தது. பக்கத்து ஷெட்டில் கூலிக்குக் கடைசல் செய்பவருக்குக் கூடியது.

அந்த 12 சதவீதம் எப்போது வந்தது என்பதை மறக்கக் கூடாது. வாகன விற்பனை மந்தமாக இருந்த 2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலைக்கு மட்டும் 16 நாள் வேலையில்லா நாட்களை அறிவித்தது. அந்த மாதம் 20-ஆம் தேதி கோவாவில் கூடிய கவுன்சில், பொறியியல் ஜாப் ஒர்க்கை 18-லிருந்து 12-க்குக் குறைத்தது. மந்தத்துக்குத் தந்த மருந்து அது. இப்போது, அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி விதித்த சில நாட்களிலேயே, அந்த மருந்தைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

வாங்குபவருக்குத்தான் ஐடிசி (உள்ளீட்டு வரி வரவு) கிடைக்கிறதே, விகிதம் ஏறினால் என்ன என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். விகிதம் இரண்டாம் பட்சம். தேதிதான் கொல்கிறது.

மாதம் 5 லட்சம் கூலி பில் போடும் பட்டறையை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய செலவுகளான சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் ஐடிசி கிடையாது. இன்சர்ட், ஆயில் போன்றவற்றில் கிடைக்கும் சொற்பத்தை விட்டுவிட்டால் வரி முழுவதும் கைக்காசு. அடுத்த மாதம் 20-ஆம் தேதி 3பி ரிட்டர்னோடு 90,000 ரூபாய் கட்டியாக வேண்டும். பார்ட்டி பணம் தர 120 நாள் ஆனால், வசூலாகாத தொகைக்கான ஏறக்குறைய மூன்று மாத வரி, அதாவது 2,70,000 ரூபாய், எந்நேரமும் அரசிடம் கிடக்கும். முன்பு இது 1,80,000. கூடுதல் 90,000-க்கும் வட்டி ஓடுவது ஓடி கணக்கில்.

மந்தத்தில் வேலையை மாற்றிக்கொள்ளத் தேவைப்படுவது இந்தப் பணம்தான். பிரேக் பாகம் கடைந்த சிஎன்சி, ஸ்டெயின்லெஸ் பம்பு ஷாஃப்டுக்கு மாற வேண்டுமென்றால் சாஃப்ட் ஜா புதிது, இன்சர்ட் வேறு, கேஜ் வேறு. சாம்பிளைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும்; ஃபர்ஸ்ட் பீஸ் பாஸாகி ஆர்டர் வர மாதங்கள் ஆகும். அதுவரை பழைய பெரிய பார்ட்டியைத்தான் நம்பியிருக்க வேண்டும். தாமதமாகப் பணம் தருபவரும் அவர்தான்.

இந்தப் பிடியிலிருந்து விலக ஒரு வழி உண்டு. குத்தம்பாக்கத்தில் 1996 முதல் பத்தாண்டு ஊராட்சித் தலைவராக இருந்த ஆர். இளங்கோ, அருகருகே உள்ள ஊர்கள் தமக்குத் தேவையான எண்ணெய், பருப்பு, சோப்பு போன்றவற்றைத் தாமே செய்து தமக்குள் விற்றுக்கொள்ளும் பொருளாதாரத்தை வலியுறுத்தியவர். திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து எட்டும் தூரத்தில் பிறந்த அந்த யோசனை பட்டறைகளுக்கும் பொருந்தும். செக்குக்கும் மாவு மில்லுக்கும் ஷாஃப்ட், புஷ், புல்லி வேண்டும். லாட் சிறியது; ஆனால் கையில் காசு வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கலாம். மாதக் கூலியில் ஒரு பங்கையாவது இப்படித் திருப்புவது, மந்தத்தில் பெரிய ஆர்டரைத் துரத்துவதைவிட நிதானமான வழி.

பெரிய பார்ட்டிக்குச் சட்டம் தரும் சலுகையைப் பாருங்கள். எம்எஸ்எம்இடி சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. ஜிஎஸ்டி சட்டமோ 180 நாள் வரை பணம் தராதவருக்கும் ஐடிசியை விட்டுவைக்கிறது. இரண்டும் ஒரே அரசின் சட்டங்கள். பட்டறைக்காரர் கட்டிய வரியை, அவருக்கு ஒரு ரூபாய்கூடத் தராதவர் ஆறு மாதம் அனுபவிக்கலாம்! கெடுவுக்குள் தராத தொகையைச் செலவாகக் கழிக்க விடாத வருமான வரியின் 43பி(எச்) இதைச் சரிசெய்யும் என்றார்கள். மார்ச் 31-க்குள் தீர்த்தால் போதும் என்பதால் அதன் பயம் நிதியாண்டின் கடைசியில்தான் வேலை செய்கிறது. எம்எஸ்எம்இடி சட்டத்தின் 18-ஆம் பிரிவின் கீழ் சிறுதொழில் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகலாம்தான். அடுத்த ஆர்டரை இழக்கத் துணிந்தவர் போகலாம்.

சேவை வரிக் காலத்தில், 50 லட்சம் வரை விற்றுமுதல் உள்ள தனிநபரும் கூட்டாண்மை நிறுவனமும் பணம் வந்த பிறகு வரி கட்டலாம் என்ற வசதி 2012 முதல் இருந்தது. பிரிட்டனில் 13.5 லட்சம் பவுண்டு விற்றுமுதல் வரை இன்றும் அந்த முறை உண்டு. ஜிஎஸ்டி வந்தபோது நம் நாட்டில் அதைக் கைவிட்டவர்கள், ஏன் என்று இதுவரை சிறுதொழிலுக்கு விளக்கவில்லை.

அந்த வசதி திரும்பும் வரை பில் தேதியையாவது கவனிக்கலாம். மார்ச் 10-இல் முடித்த வேலைக்கு 30 நாள் வரம்புக்குள், ஏப்ரல் 1-இல் பில் போட்டால் வரி கட்டும் நாள் மே 20-க்குத் தள்ளும். 45 நாள் கணக்கு பில் தேதியிலிருந்து அல்ல, பார்ட்டி வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடும். எனவே டெலிவரி சலானில் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் வண்டியை அனுப்பக் கூடாது. சங்கங்கள் அடுத்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்கு முன் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இரண்டு: ஜாப் ஒர்க்குக்கு வசூல் அடிப்படையில் வரி வேண்டும்; வாங்குபவரின் 180 நாள் 45 ஆக வேண்டும். வரியை 5 சதவீதமாக்கக் கேட்பது அதற்கு அடுத்து வரட்டும்.