மகிழ்ச்சியின் பொறி

நெருப்பின்றி நம் விழாக்கள் இல்லை. கார்த்திகையில் சொக்கப்பனை எரிகின்றது. போகியில் பழையன எரிகின்றன. தீபாவளியில் வாணம் சீறுகின்றது. கிறிஸ்து பிறந்த நாளில் எம் இல்லங்களில் மெழுகுவர்த்தி ஒளிர்கின்றது. ஆதலின் நெருப்பை நாம் பழிப்பதற்கில்லை. ஆயினும், விழாவானது வீட்டையும் வீதியையும் விட்டு வெட்டவெளிக்குச் செல்லுமிடத்து, அந்நெருப்பு எவருடைய உடைமையின்மேல் விளையாடுகின்றது என்று வினவ விரும்புகின்றோம்.

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், யுகைப்பா நகரை அடுத்த பூங்கா ஒன்றில் ஒரு குடும்பத்தார் கூடினர். பிறக்கவிருந்த மகவு ஆணோ பெண்ணோ என்பதை வண்ணப் புகையால் அறிவிப்பது அவர்தம் எண்ணம். புகைக்கருவியினின்று எழுந்த தீ, உலர்ந்த புல்லைப் பற்றிற்று. கையிலிருந்த போத்தல் தண்ணீரை ஊற்றிப் பார்த்தனர், அணையவில்லை. 22,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் எரிந்தது. தீயணைக்கச் சென்ற வீரர் ஒருவர் மாண்டார். 2024-இல் அத்தம்பதியர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்; கணவருக்குச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. ஒரு கணப் புகைக்கு எத்துணை விலை!

“அது கடல் கடந்த நாடு, நமக்கென்ன?” என்பார் உளர். புதுக்கோட்டை மாவட்டத்தைக் கண்டவர் அங்ஙனம் கூறார். இங்கே பல இடங்களில் தைலமரத் தோப்புகள். அவற்றின் அடியில் எண்ணெய்ப் பசையுள்ள சருகுகள். குன்றுகளின் புல்லோ கோடை பிறந்ததும் வைக்கோலாகின்றது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் தீயிற் சிக்கி 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அது விழாவில் எழுந்த தீயன்று. ஆயினும், காய்ந்த புல்லில் ஓடும் தீக்கு மனிதன் கால் ஈடாகாது என்பதை நமக்கு உணர்த்திற்று.

பிறரை மட்டும் குறைகூற யாம் வரவில்லை. சென்ற பங்குனியில், தேர்வு முடிந்த களிப்பில், யாம் பதின்மர் நார்த்தாமலைப் பக்கம் வனபோசனம் சென்றோம். தோப்போரத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டினோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் விரைந்து வந்து, “அணைச்சுப்புடுங்கப்பா! காத்துக்குக் கண்ணு இல்லை. பத்திக்கிட்டா நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க. என் ஆட்டுக்கு நான் எங்கே போவேன்?” என்றார். யாம் நாணி அணைத்தோம். அரிசியையும் பருப்பையும் எண்ணி எடுத்துச் சென்ற யாம், அவருடைய ஆடுகளை எண்ணினோமில்லை.

முட்களிற் பற்றிப் பிறர் கதிரை எரித்த தீக்கு, அதை மூட்டியவனே ஈடு செய்யவேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். ‘வேண்டுமென்று செய்யவில்லை’ என்னும் விடை அங்கே செல்லாது. எனினும், கதிருக்கு ஈடு உண்டு. மாண்ட உயிருக்கு ஏது?

நம் அண்டை மாவட்டமாகிய சிவகங்கையில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவர் மகிழ்ச்சி குன்றிற்றா? இல்லை; விருந்தாக வந்த பறவைகளும் அதிற் பங்கு பெற்றன.

ஆகவே மாணவ நண்பர்காள், மழை பெய்து புல் தளிர்க்கும்வரை தோப்பிலும் குன்றிலும் அடுப்போ வாணமோ வேண்டா என்பதே எம் வேண்டுகோள். வரும் பங்குனியில் யாம் மீண்டும் நார்த்தாமலை செல்லவிருக்கின்றோம். இம்முறை கட்டுச்சோற்றுடன் செல்வோம். அம்மூதாட்டிக்கும் ஒரு பொட்டலம் எடுத்துச் செல்வோம்.