ஆங்கிலம் அறிவோம்: ஓதும் நாவுக்கு உச்சரிப்பு எளிது



பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களின் பொருளை மனனம் செய்துவிடுகிறார்கள். வாய் திறந்து உச்சரிக்கத்தான் அஞ்சுகிறார்கள். இக்குறையைப் போக்கவென்று, ஆறாம் வகுப்பு வந்ததும் பிள்ளையை மக்தபிலிருந்து நிறுத்தி டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோரை எங்கள் ஊரப்பாக்கத்திலும் காண்கிறோம். தஜ்வீதுடன் ஓதப் பழகிய நா, ஆங்கில உச்சரிப்பில் பாதிப் பயிற்சியை முன்பே பெற்றுவிட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

'திங்க்' என்றால் சிந்தித்தல். 'த்ரீ' மூன்று, 'டூத்' பல். இவற்றில் வருவது தமிழின் தகரம் அன்று. அரபு அகரவரிசையில் தாவுக்கும் ஜீமுக்கும் இடையே மூன்று புள்ளியுடன் நிற்கும் 'ஸா'வின் ஓசை அது. நாநுனியை மேல் முன்பற்களின் விளிம்பில் வைத்துக் காற்றை விடுங்கள் என்று உஸ்தாத் கற்பித்த அதே மக்ரஜ். அதை ஸீனாக மாற்றிச் சொன்னால் சிந்தனை 'ஸிங்க்' ஆகி மூழ்கிவிடும். 'திஸ்', 'தட்', 'மதர்' ஆகியவற்றுக்குப் புள்ளியிட்ட தாலை எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதினால் 'பிரைஸ்' ஒன்றே. ஆங்கிலத்தில் இரண்டு. கடையில் விசாரிக்கும் விலை ஸீனில் முடியும்; பள்ளி ஆண்டுவிழாவில் பெறும் பரிசு 'ஸாய்' எழுத்தில் முடியும். 'ரைஸ்' என்பதும் ஸீனில் முடிந்தால் அரிசி, ஸாயில் முடிந்தால் எழுதல். அவ்வாறே 'வெஸ்ட்': மேற்குத் திசைக்கு உதடுகளைக் குவித்து வாவ் சொல்ல வேண்டும். பனியனைக் குறிக்கும் 'வெஸ்ட்'டுக்கோ, ஃபாவைப் போலக் கீழுதட்டை மேற்பற்களில் பொருத்திக் குரலையும் சேர்க்க வேண்டும்.

எழுதப்பட்டும் ஒலிக்காத எழுத்துகளைக் கண்டு பிள்ளைகள் மலைக்கிறார்கள். 'அஷ்ஷம்ஸ்' என்று ஓதும்போது லாம் எங்கே போயிற்று? 'ஹாஃப்' (பாதி), 'டாக்' (பேசு), 'பாம்' (உள்ளங்கை) ஆகிய சொற்களிலும் எல் எழுத்து அப்படித்தான் மௌனமாகிறது. 'நைஃப்' (கத்தி) என்பதன் தொடக்கத்திலுள்ள கே எழுத்தும் அவ்வாறே. ஆனால் அரபியில் ஷம்ஸிய்யா எழுத்துகள் பதினான்கு என்று விதி உண்டு. ஆங்கிலத்தில் அத்தகைய ஒழுங்கு இல்லை. சொல்லுக்குச் சொல் கேட்டுத்தான் பழக வேண்டும்.

இன்னொன்று, நம் நாட்டுக்கே உரிய பழக்கம். 'புக்கு', 'பஸ்ஸு' என்று ஈற்றில் உகரம் சேர்த்துவிடுகிறோம். ஓதும்போது ஸுகூன் உள்ள எழுத்தில் உகரத்தைச் சேர்த்தால் உஸ்தாத் விடுவாரா? அந்தக் கண்டிப்பை இங்கும் கடைப்பிடியுங்கள். அரபி கை கொடுக்காத இடமும் உண்டு. பேரிக்காய் 'பேர்', கரடியும் 'பேர்'. கரடிக்கு அரபு பா போதும். பேரிக்காயின் முதலெழுத்து அரபியிலேயே இல்லை. உதடுகளை மூடி, குரலின்றி, காற்று வெடித்து வருமாறு சொல்ல வேண்டும். உள்ளங்கையை வாயருகே வைத்தால் காற்று படுவது தெரியும்.

இனி, சில சொற்கள். 'மேகஸீன்': பருவ இதழ். களஞ்சியம் எனப் பொருள்படும் 'மக்ஸன்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் தம் இதழுக்கு இப்பெயரைச் சூட்டியபின் இதழ்களுக்கும் உரியதாயிற்று. மக்ஸனில் உள்ள ஸாய் இன்றும் அதில் ஒலிக்கிறது. 'காட்டன்': பருத்தி, அரபு 'குத்ன்'. 'ஸோஃபா': மெத்தை இருக்கை, அரபு 'ஸுஃப்ஃபா'. மஸ்ஜிதுந் நபவியில் ஏழைத் தோழர்கள் தங்கியிருந்த திண்ணைக்கும் இப்பெயரே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இச்சொல்லை மறக்கமாட்டார்கள்.

'கேட்டமரேன்': கடைசி அசையை அழுத்திச் சொல்க. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை நம் மீனவர் செலுத்திய கட்டுமரமே இது. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. ஆங்கிலேயர் இன்று இரட்டை உடல் கொண்ட படகை இப்பெயரால் அழைக்கின்றனர். தமிழிலிருந்து ஆங்கிலம் சென்ற மற்றச் சொற்களை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் காண்போம்.