தங்கைக்காகப் போன அக்காள்

24 சிறுவர், சிறுமிகளைக் காட்டில் விடுகிறார்கள். ஒருவரை ஒருவர் கொல்ல வேண்டும். கடைசியில் மிஞ்சும் ஒருவருக்கே உயிர். இதை நாடே டெலிவிஷனில் பார்க்க வேண்டும். பார்த்துத்தான் ஆக வேண்டும்!

இப்படி ஒரு கதையை நம் பிள்ளைகள் படிக்கலாமா?

"ஹங்கர் கேம்ஸ்" என்ற ஆங்கில நாவலைப் பற்றித்தான் இந்தக் கேள்வி. "பசி விளையாட்டு" என்று பொருள். எழுதியவர் சூசன் காலின்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. 2008-ம் ஆண்டு வெளிவந்தது. 2012-ல் சினிமாவாகவும் வந்தது. "பிள்ளைகளுக்கு ஆகாது" என்று அமெரிக்காவிலேயே பலர் புகார் செய்தார்கள். அதிகப் புகாருக்கு ஆளான புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் 2010-லும் 2011-லும் இதன் பெயர் இருந்தது.

படிக்கலாம் என்பதே நம் கருத்து. சண்டைக்காக அல்ல, சீட்டுக்காக.

கதை நடப்பது வருங்காலத்தில். வட அமெரிக்கா இருந்த இடத்தில் பானெம் என்ற நாடு. (பானம் அல்ல! லத்தீன் மொழியில் ரொட்டி.) தலைநகரில் விருந்து. சுற்றியுள்ள 12 வட்டாரங்களில் பட்டினி. ஒவ்வொரு வட்டாரமும் ஆண்டுதோறும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் இந்த விளையாட்டுக்கு அனுப்ப வேண்டும். வயது 12 முதல் 18 வரை.

யார் போவது? சீட்டுக் குலுக்கல்.

கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கிறது. 12 வயதில் பெட்டியில் ஒரு சீட்டு. பிறகு ஆண்டுக்கு ஒன்று கூடும். ஆனால் பட்டினி கிடப்பவர்கள் தங்கள் பெயரை இன்னொரு சீட்டிலும் எழுதிப் போட்டால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அதுவும் அரை வயிற்றுக்குத்தான். போட்ட சீட்டு மறு ஆண்டும் பெட்டியிலேயே இருக்கும்.

கதாநாயகி காட்னிஸுக்கு வயது 16. தகப்பனார் சுரங்க விபத்தில் இறந்து விட்டார். தாய், தங்கை, தான் என்று மூன்று வயிற்றுக்கு ஆண்டுக்கு 3 சீட்டு. 5 ஆண்டில் 15. வயதுக்கு உரியது 5. ஆக 20 சீட்டு! வசதியான வீட்டுப் பெண்ணுக்கு அதே வயதில் 5 சீட்டுதான். சட்டம் இருவருக்கும் ஒன்று. சாவு மட்டும் ஏழை வீட்டுப் பக்கம் நாலு மடங்கு சாய்கிறது.

தங்கை பிரிமுக்கு 12 வயது. அவள் பெயரில் கூடுதலாக ஒரு சீட்டுப் போடவும் அக்காள் விடவில்லை. ஒரே சீட்டு. அந்தச் சீட்டே வருகிறது! தங்கையைப் பின்னே தள்ளிவிட்டு அக்காள் போகிறாள்.

கொலைக் காட்சிகள் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். ஆனால் ரூ என்ற 12 வயதுச் சிறுமி இறக்கும் இடத்தைப் பாருங்கள். அவள் 11-வது வட்டாரத்துக்காரி. பயிர்த் தொழில் செய்யும் ஊர். காட்னிஸ் அவள் உடலைப் பூக்களால் மூடுகிறாள். தாங்களே பட்டினி கிடக்கும் அந்த ஊரார், போட்டிக்கார ஊர்ப் பெண்ணான காட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறார்கள். இங்கே பிள்ளை அழுதால் அழட்டும்.

தாய்லாந்தில் 2014-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எதிர்த்த மாணவர்கள், இந்தக் கதையில் வரும் மூன்று விரல் வணக்கத்தைக் காட்டினார்கள். அதற்காகச் சிலரைப் பிடித்துக் கொண்டும் போனார்கள். மூன்று விரலுக்கு அவ்வளவு பயம்!

உங்கள் வீட்டுப் பிள்ளை இதைப் படித்தால் பிடுங்காதீர்கள். ஆங்கிலம் தெரிந்தால் நீங்களும் வாங்கிப் படியுங்கள். தெரியாத தாய்மார்கள், சாப்பிடும் வேளையில் கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சீட்டுக் கணக்கை அவனையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.