மன்றத்து வினாவும் மந்திரியார் விடையும்

நன்னூல் கற்கும் மாணவர் பொதுவியலை அடையும்போது பெரும்பாலும் களைத்துப் போயிருப்பர். எழுத்தும் புணர்ச்சியும் பரீட்சையிற் புள்ளி ஈட்டித் தருவன. பொதுவியலோ நேரமிருந்தால் நடத்தப்படும், இல்லையேல் வீட்டிற் படித்துவருமாறு விடப்படும். அவ்வியலிலேதான் பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் வகுத்து வைத்தார். அவற்றை மனனஞ் செய்து ஒப்புவிப்பதோடு கடமை முடிந்ததென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். யான் அவ்வாறு எண்ணுகின்றிலேன். அச்சூத்திரங்களைக் கைவிளக்காகக் கொண்டு நம் நாட்டுப் பாராளுமன்ற நடவடிக்கைகளைப் படித்தல் தமிழ் கற்கும் ஒவ்வொருவர்க்கும் தகும் என்பதே என் துணிபு.

பாராளுமன்றத்துக்கும் பண்டிதனுக்கும் என்ன தொடர்பு என வினவலாம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, பொதுப்பணத்தின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடமே ஒப்படைத்திருக்கின்றது. அமைச்சர்கள் அம்மன்றத்துக்குப் பொறுப்புடையவர்கள். விடை கூறக் கடமைப்பட்டவர்கள். ஆகவே உறுப்பினரின் வினா அமைச்சரிடம் யாசிக்கும் சலுகையன்று. பணத்துக்கு உடையவன் காரியஸ்தனைக் கணக்குக் கேட்பது போன்றதாகும். மேலும், நம் நாட்டு ஹன்சாட் அறிக்கை உறுப்பினர் பேசிய மொழியிலேயே அவர் பேச்சைப் பதிப்பிக்கின்றது. தமிழிற் கேட்ட வினா தமிழிலேயே அச்சேறி நிற்கும். அதன் அழகும் வழுவும் நம்முடைய ஆராய்ச்சிக்கு உரியன அல்லவோ?

முதலில் வினாவைக் காண்போம். தான் அறிந்ததையே பிறர்பால் வினவுவது அறிவினா. ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அமைச்சர் வாயாலேயே அவ்வுண்மை பதிவாகவேண்டும் எனக் கேட்கும் உறுப்பினரின் வினா இத்தகையது. அறியாததை அறியக் கேட்பது அறியாவினா. இவ்வாண்டு எத்தனை ஆசிரியர் ஓய்வுபெறுவர், அவ்விடங்களுக்கு எத்தனை பேர் நியமிக்கப்படுவர் என்பது போன்ற வினாக்கள் இதில் அடங்கும். இரண்டில் எது எனத் துணியாமற் கேட்பது ஐயவினா. என் ஊருக்குப் பாலம் தருவீரா என்பது கொளல்வினா. பாதை திருத்தியாயிற்றா எனக் கேட்டுத் திருத்துமாறு தூண்டுவது ஏவல்வினா. எஞ்சியது கொடைவினா. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, அமைச்சர் தம் சாதனையை விரித்துரைக்க ஒரு வாய்ப்பை வழங்கும் வினாவுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைக்குமா என்பது ஐயம்!

இனி விடை. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் செவ்விய விடைகள். இது எனக் காட்டல், இல்லை எனல், ஆம் எனல் என அவை நேராக நிற்கும். ஏனைய ஐந்தும் சுற்றி வருவன. அமைச்சர் வாக்கில் அவை எங்ஙனம் அமைகின்றன என நோக்குக. "முன்னைய அரசாங்கம் திறைசேரியை வெறுமையாக்கிச் சென்றது" என்பது உற்றதுரைத்தல். "அவ்வாறு செய்யின் செலவு பெருகிவிடும்" என்பது உறுவது கூறல். "உங்கள் ஆட்சியில் நீங்கள் செய்தீர்களா?" என்பது வினாவெதிர் வினாதல். "அதனை அதிகாரிகளிடமே கேட்டறிந்துகொள்ளுங்கள்" என்பது ஏவல். தோட்டப்புறப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் எத்தனை பேர் குறைவு என வினவ, கட்டிக்கொடுத்த கட்டடங்களின் தொகையை விரித்துரைப்பதை இனமொழி எனலாமோ? இனமொழியேனும் தன் இனத்தைத் தழுவி நின்று, கேட்டதற்கு ஒருவாறு விடையைப் பயக்கும். இதுவோ அதுவுஞ் செய்யாது. சுற்றி வரும் ஐந்தையும் பவணந்தியார் விடையென ஏற்றுக்கொண்டது, அவை ஈற்றில் ஒரு பொருளை உணர்த்தும் என்பதாலேயே ஆகும்.

ஆனால் நம் மன்றத்திலே ஒன்பதாவது வகையொன்றும் வழங்குகின்றது. அதனைச் சூத்திரம் செய்தார் கண்டிலர். உறுப்பினர் வினாவை எழுப்புவார். அமைச்சரோ, அவர் சார்பில் ஆளுங்கட்சியின் பிரதம கொறடாவோ எழுந்து, விடையளிக்க இரு வார கால அவகாசம் வேண்டும் என்பார். வினா வேறொரு தினத்துக்கு ஒத்திவைக்கப்பட்டதென ஹன்சாட்டில் ஒரு வரி பதிவாகும். அத்தினமும் வரும், அவகாசமும் மீண்டும் கேட்கப்படும். இதற்கு நெருங்கிய உறவினது இன்னொரு வழக்கம்: விடை நீண்டதாயின் அதனை வாசியாது சபாபீடத்தில் வைத்துவிடுதல். அச்சில் அது வரும் என்பது மெய்யே. எனினும் சபையில் ஒருவர் காதிலும் விழாத விடையைத் தொடர்ந்து மேலதிக வினா எழுப்புவது எங்ஙனம்?

தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே செப்பும் வினாவும் வழுவாது காக்கப்படல் வேண்டும் என விதித்தார். அதற்கு உரை செய்தோர், கருவூருக்கு வழி கேட்டவனுக்கு நூலின் அளவைச் சொன்னவனைச் செப்புவழுவுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவர். வழி கேட்டவன் அதனால் ஊர் போய்ச் சேரான். அவன் இழப்பது ஒரு பகற்பொழுது. மருந்து இல்லை எனக் கண்டி வைத்தியசாலையிலிருந்து திருப்பியனுப்பப்பட்டுப் பிலிமத்தலாவைக்குப் பேருந்தேறும் ஏழைத் தாய்க்காக ஓர் உறுப்பினர் வினா எழுப்ப, அதற்கு வழுவிய செப்புக் கிடைப்பின், இழக்கப்படுவது உயிராகவும் இருக்கலாம்.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நாம் கற்பிக்கும்போது கண்ணகியின் சினத்தையே பெரிதும் விரித்துரைக்கின்றோம். பாண்டியனின் விடையை நோக்குவார் குறைவு. தன் சிலம்பின் உள்ளீடு மாணிக்கம் என அவள் கூற, தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என அவன் ஒளிக்காது உரைத்தான். அவ்விடை தன்னையே வீழ்த்தும் என்பதை அவன் உணராதிருந்தான் அல்லன். இரு வாரம் பொறுத்து வருக எனவும் சொல்லவில்லை. பொற்கொல்லனிடம் கேட்டுக்கொள் எனவும் தள்ளவில்லை. கோல் வளைந்தமை அவன் குற்றம். நேர்விடை தந்தமை அவன் பெருமை.

பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்டல் மேனாட்டார் கற்பித்த புதுமை என்பாரும் உளர். பிரித்தானியப் பாராளுமன்றத்திற் பதிவான முதல் வினா, 1721ஆம் ஆண்டு பிரபுக்கள் சபையிலே கூப்பர் பிரபு எழுப்பியது. தென்கடற் கம்பனியின் காசாளர் நாட்டைவிட்டுத் தப்பியோடிய செய்தி மெய்யா என்பதே அவ்வினா. முதல் வினாவே பணத்தைப் பற்றி எழுந்தமை கருதத்தக்கது. ஆனால் அதற்கு 800 ஆண்டுகளுக்கு முன்னரே, முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தெரியும் முறையை வகுக்கும்போது, முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனையும் அவன் நெருங்கிய உறவினரையும் விலக்கி வைத்தன. கணக்குக் காட்டாதவன் மீண்டும் அவ்விருக்கையில் அமரலாகாது என்பது தமிழ் மண்ணிற் கல்லில் வெட்டிய சட்டம். நம் பாராளுமன்றத்திலும் வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தின்போது, அமைச்சொன்றின் செலவினத் தலைப்பைப் பத்து ரூபாவாற் குறைக்கவேண்டும் என எதிர்க்கட்சியினர் பிரேரிக்கும் மரபு உண்டு. பத்து ரூபா பொருட்டன்று. அது கணக்குக் கேட்பதற்கு இடும் கால்கோள்.

இலங்கையில் இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் சிறுபான்மையினர். எனினும் 1864இல், நாட்டு வருமானத்திலிருந்து படைச் செலவுக்குப் பணம் ஒதுக்கும் விவகாரத்திலே தம் சொல் மதிக்கப்படாமை கண்டு அவர்கள் பதவி துறந்தனர். பின்னர் 1925இல் அச்சபை புகுந்த கோ. நடேசையர், கேட்பாரற்றுக் கிடந்த தோட்டத் தொழிலாளரின் குறைகளை மன்றத்துக்குக் கொண்டு சென்றார். பத்திரிகையாசிரியராயிருந்த அவர், ஊரில் எழுதியதைச் சபையிற் கேட்டார். சபையிற் கேட்டதை ஊருக்கு எழுதினார். 1936இல் அரசாங்க சபைக்கு அற்றன் தொகுதி அவரைத் தெரிந்தனுப்பியது.

கண்டி மாவட்டத்தார் மறத்தலாகாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் கோவிந்தன் என்னுந் தொழிலாளி உயிரிழந்தார். மலைக்காட்டுத் தொழிலாளி ஒருவனின் மரணம் அக்காலத்தில் ஒரு பொலிஸ் குறிப்போடு முடிந்திருக்கும். அரசாங்க சபையிலிருந்த சமசமாஜ உறுப்பினர்களான பிலிப் குணவர்த்தனாவும் என். எம். பெரேராவும் அவ்வாறு முடியவிடவில்லை. விசாரணைக் கமிஷன் அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா அதன்முன் தோன்றினார். மன்றத்தில் ஒருவர் எழுந்து கேட்டமையால் அப்பெயர் இன்றும் வரலாற்றில் நிற்கின்றது.

கேட்பதற்கு ஒருவரும் இல்லாதபோது என்ன நிகழும் என்பதையும் மலையகம் கண்டிருக்கின்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். நம் மாவட்டத்து நாவலப்பிட்டித் தொகுதியிலிருந்து சென்றவர் கே. ராஜலிங்கம். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டு வந்த சட்டங்களும் அம்மக்களின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1952 முதல் 1977 வரை, இருபத்தைந்து ஆண்டுகள், அவர்கள் வாக்கினால் தெரியப்பட்ட தம்மவர் ஒருவரும் மன்றத்தில் இல்லை. இடையிடையே நியமன உறுப்பினராகச் சிலர் இருந்தனர். அவர்களை இருத்தியது அரசாங்கத்தின் தயவு. அக்காலத்திலே லயக்காம்பராக்களைப் பற்றியும் தோட்டப் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றியும் எழாமற்போன வினாக்கள் எத்தனை! வாக்குரிமையை இழத்தல் என்பது வினாவும் உரிமையை இழத்தலே என்பதை அவ்வாண்டுகள் காட்டின.

உரிமை இருந்தும் விடை வழுவினால் விளைவது யாது? 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. பேராதனையிலுள்ள விவசாய அறிஞர் உட்படப் பலர் எச்சரித்தனர். நாட்டில் எவ்வளவு சேதனப் பசளை கைவசம் உண்டு, அடுத்த போகத்துக்கு எவ்வளவு வேண்டும், இடைவெளியை எதனால் நிரப்புவீர் என்னும் மூன்று அறியாவினாக்களுக்கும் எண்ணாலாகிய நேர்விடை வேண்டியிருந்தது. மேடைதோறும் கிடைத்ததோ மண்வளத்தின் மாண்பு பற்றிய இனமொழி. நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. அதற்குள் வயலும் தேயிலையும் மரக்கறித் தோட்டமும் நலிந்தன. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டதாக அரசாங்கமே அறிவித்தது. வரிசையில் நின்ற பொதுசனம், கேட்கவேண்டிய காலத்தில் விடைபெறாத வினாக்களின் விலையைத்தான் செலுத்திற்று.

அமைச்சர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. சில வினாக்களுக்கு நாடெங்கணுமுள்ள பிரதேச செயலகங்களிலிருந்து தகவல் திரட்டவேண்டும். அவகாசம் கேட்பது முறையே. வேறு சில உறுப்பினர் இருபது உட்பிரிவு கொண்ட வினாவைத் தொடுத்து, எண்களைக் கேட்பதுபோல் தம் மேடைப்பேச்சை அச்சேற்றுகின்றனர் என்பதும் மெய்யே. இது வினாவழு, இதனையும் கடிதல் வேண்டும். ஆனால் அவகாசம் ஒருமுறைக்கு மேற் செல்லலாகாது. இரண்டாம் முறை கேட்பவர், தடை யாதெனச் சபைக்கு உரைத்தல் வேண்டும். சபாபீடத்தில் வைக்கும் விடையின் சாரத்தையேனும் வாய்விட்டு வாசித்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, சாதாரண குடிமகன் ஒருவன் தகவல் கேட்டால் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைத் தெரிவித்தாகவேண்டும். குடிமகனுக்கு இக்கடப்பாடு உண்டெனில், அவன் தெரிந்தனுப்பிய பிரதிநிதியைக் காத்திருக்கச் செய்வது எவ்வகையில் நியாயம்?

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். நன்னூலின் வினாவிடைச் சூத்திரங்களை நடத்தும் நாளில், "ஆடுவாயா? பாடுவேன்" போன்ற பழைய உதாரணங்களோடு நிறுத்தவேண்டா. ஹன்சாட்டிலிருந்து இரண்டு பக்கங்களை எடுத்து மாணவர் கையிற் கொடுங்கள். இன்ன வினா இன்ன வகை, இன்ன விடை இன்ன வகை, இது விடையே அன்று என அவர்கள் ஓரத்திற் குறிக்கட்டும். எக்கட்சியார் பேசினார் என்பதை முதலில் மறைத்துவிட்டுக் கொடுப்பின் ஆராய்ச்சி இன்னுஞ் செம்மையாகும். இலக்கிய வட்டங்களும் மாதம் ஒருமுறை இதனைச் செய்யலாம். வாக்களிக்கும் வயதை அடையுமுன்னரே செவ்விய விடைக்கும் சுற்றிவளைத்த விடைக்கும் வேறுபாடு காணப் பழகியவனை, எம்மந்திரியும் எளிதில் ஏமாற்றல் இயலாது. பவணந்தியார் தொகுத்த எட்டுக்கு மேல் ஒன்பதாவதொன்றை நாம் அனுமதிக்கலாகாது.