ஒன்று ஓட இரண்டு உடைகிறது

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "நாட்டு முன்னேற்றத்தில் பட்டயப் பொறியாளரின் பங்கு" என்று எழுதித் தரச் சொன்னார்கள். போன வருஷ மலரைப் புரட்டினேன். அதே தலைப்பு இருக்கிறது. அதற்கு முந்தின மலரிலும் இருக்கிறது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி என் மனதில் பட்டதை எழுதுகிறேன். பிழை இருந்தால் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் எழுத வந்தது ராஜ்தூத் 350 என்ற மோட்டார் சைக்கிளைப் பற்றி.

நம் விடுதியில் பழைய யமஹா என்று சொன்னால் எல்லோரும் ஆர்எக்ஸ் 100 என்பார்கள். 1985 முதல் 1996 வரை வந்த அந்த 98 சி.சி. வண்டிக்கு இன்றும் கிராக்கி குறையவில்லை. அதற்கு மூத்த அண்ணன் ஒருவர் உண்டு. 1973இல் ஜப்பானில் யமஹா வெளியிட்ட ஆர்டி 350தான் அவர். அங்கே 1976இல் ஆர்டி 400 வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இங்கே 1983இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி அதை ஃபரிதாபாத்தில் தயாரித்து, ராஜ்தூத் 350 என்று பெயர் சூட்டி விற்றது. 1980களின் கடைசியில் உற்பத்தி நின்றுபோனது.

347 சி.சி. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஆறு கியர், ரீட் வால்வு. அன்றைக்கு ரோட்டில் ஓடிய புல்லட் 350 தந்தது 18 குதிரைத் திறன். கிட்டத்தட்ட அதே சி.சி.யில் ராஜ்தூத்தின் 'ஹை டார்க்' மாடல் தந்தது 30.5. பிறகு மைலேஜுக்காக அடக்கி வந்த 'லோ டார்க்' மாடல் 27. ஜப்பான் மூலவண்டிக்கு 39! நமக்குக் கொடுத்ததே மூக்கணாங்கயிறு போட்டுத்தான். முன் சக்கரத்து டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் பிரேக் வைத்தார்கள். அதை நான் மன்னிக்க மாட்டேன். ஆர்டி என்றால் 'ரேபிட் டெத்' என்று சொல்லிப் பெற்றவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

அப்பேர்ப்பட்ட வண்டி ஏன் விற்கவில்லை? லிட்டருக்கு 20, 25 கிலோமீட்டர்தான் ஓடும். அதே காலத்தில் இந்த்-சுசுகி வந்தது, ஹீரோ ஹோண்டா வந்தது. 80 கிலோமீட்டர் தரும் வண்டி கிடைக்கும்போது மாதச் சம்பளக்காரர் எதை வாங்குவார்? வாங்கியவர்களில் பலர் வேகப் பைத்தியங்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் 1980களில் இந்த வண்டி பறந்தது. பந்தயத்துக்காகச் சிலிண்டர் துளைகளை அரத்தால் ராவிப் பெரிதாக்கினார்கள். அப்படி ராவிய சிலிண்டர் மறுபடி வீட்டு வண்டிக்கு ஆகாது.

ஆக, செய்ததே கொஞ்சம், அதிலும் பந்தயத்தில் தேய்ந்தது பாதி என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வண்டி குறைந்துகொண்டே போவதற்கு வேறு காரணம் இருக்கிறது. அது என் வீட்டிலேயே கிடந்தது.

என் அப்பா கோவையில் ஒரு பழைய இரும்புக் கடையில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், தராசு முள் பார்க்கத் தெரியும், உலோகத்தைத் தொட்டுப் பார்த்தே பித்தளையா வெண்கலமா என்று சொல்லத் தெரியும். எங்கள் வீட்டு வாசற்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அம்மா ஒரு அலுமினியக் கட்டியை முட்டுக் கொடுத்திருப்பார். வரிவரியாகத் தகடு எழும்பி, நடுவே ஸ்பார்க் பிளக் ஓட்டை. நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா கொண்டுவந்தது. அதன் மேல் உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன் என்றால் மிகையில்லை.

இரண்டாம் வருஷம் படிக்கும்போது, பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் மாமா ஒரு வேலையாக வீட்டுக்கு வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். செருப்பைக் கழற்றியவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு, இது எங்க கெடச்சுது? ஆர்டி ஹெட்டுடா இது!"

அப்பாவைக் கேட்டேன். அப்பாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முழு வண்டியாகவே வந்ததாம். வண்டிக்காரர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். ஆர்.சி. புத்தகம் செத்தவர் பேரிலேயே இருந்தது, கெடு முடிந்து பல வருஷம். பேர் மாற்றாமல் புதுப்பிக்க முடியாது, பேர் மாற்ற அலைய ஆள் இல்லை. எடைக்குப் போட்டுவிட்டார்கள். இந்த வண்டியின் சிலிண்டர் வெளியே அலுமினியம், உள்ளே வார்ப்பிரும்புக் குழாய். அலுமினியத்துக்கு விலை அதிகம், இரும்புக்குக் குறைவு. இரண்டையும் பிரித்தால்தான் கடைக்காரருக்கு லாபம். அப்பா சம்மட்டியால் அடித்துப் பிரித்திருக்கிறார். ஒரு ஹெட்டை மட்டும் அம்மாவுக்காகக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"தெரிஞ்சிருந்தா ஒடச்சிருக்க மாட்டேன்னு சொல்ல மாட்டேன் சாமி. கடைக்காரர் ஒடைன்னா ஒடைக்கோணும்" என்றார் அப்பா.

இதில் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் கல்லூரிக் கட்டணம் அந்தச் சம்மட்டியில் இருந்துதான் வருகிறது. ஆனால் இன்னொரு வகை உடைப்பு இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் வண்டியின் மேல் உயிரையே வைத்திருப்பதாகச் சொல்கிறவர்கள்.

கிரிக்கெட் வீரர் தோனி வீட்டில் ஒரு ஆர்டி இருக்கிறது என்று படம் வந்த பிறகு நம் பையன்களுக்கே அந்தப் பேர் தெரிந்தது. வசதி உள்ளவர்கள் தேட ஆரம்பித்தார்கள், விலை லட்சங்களுக்கு ஏறியது. ஏறட்டும். ஆனால் வாங்கிய வண்டியை ஓட வைக்கச் சாமான் வேண்டுமே? கம்பெனிச் சாமான் நின்று பல காலம் ஆகிறது. ஆகவே ஒரு வண்டியைப் புதுசு போல் ஆக்க, இன்னும் இரண்டு வண்டியை வாங்கிப் பிரிக்கிறார்கள். ஒன்றில் கிராங்க், இன்னொன்றில் கியர் பெட்டி. கண்காட்சியில் ஒரு வண்டி பளபளவென்று நிற்கும், பார்ப்பவர் "அடடா, காப்பாற்றிவிட்டார்" என்பார். இரண்டு எலும்புக்கூடு பட்டறை மூலையில் கிடப்பதை யார் பார்க்கிறார்கள்? இப்படியே போனால் ஆசைப்படுகிறவர் கூடக் கூட வண்டி குறையும். இதைச் 'சேகரிப்பு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படி என்ன பெரிய சாமான் என்று கேட்பீர்கள். சிலிண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அசல் துளை 64 மி.மீ. தேய்ந்தால் போரிங் அடித்து 0.25 மி.மீ. பெரிய பிஸ்டன் போடுவார்கள். அப்புறம் 0.50, 0.75, 1.00. அத்தோடு சரி. நான்கு முறைக்கு மேல் புதுக் குழாய் இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி 0.04 மி.மீ. அளவில் நிற்க வேண்டும். அவசரக்காரன் ஒருவன் கண்ணளவில் அடித்துவிட்டால் வண்டி 'சீஸ்' ஆகும், ஒரு உயிர் வீணாகும்.

கிராங்க் இன்னும் மோசம். துண்டு துண்டாகச் செய்து அழுத்திச் சேர்த்த தண்டு அது. நான்கு பேரிங், இரு கோடியிலும் ஆயில் சீல், நடுவில் இரண்டு அறைக்கும் காற்றுப் போகாமல் தடுக்கும் லாபிரிந்த் சீல். ஓரத்துச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், பெட்ரோல் கலவை நீர்த்துப்போகும், பிஸ்டன் சூடேறிக் கடித்துக்கொள்ளும். சீல் மாற்றுவது பெரிதில்லை. கனெக்டிங் ராடு போய்விட்டால்தான் வினை. பிரஸ்ஸில் தண்டைப் பிரித்துப் புது ராடு போட்டுத் திரும்பச் சேர்க்க வேண்டும். பிறகு வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் சுற்றிப் பார்த்து, செம்புச் சுத்தியால் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. முள் நூறில் மூன்று நான்கு பங்குக்கு மேல் ஆடக் கூடாது.

மெக்கானிக் மாமா அதைச் செய்வதை ஒரு சனிக்கிழமை முழுக்கப் பார்த்தேன். நம் மெட்ராலஜி லேபில் டயல் கேஜைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பரீட்சைக்கு ரீடிங் எழுதிவிட்டுப் பூட்டிவிடுகிறோம். அவருடைய கேஜுக்குக் கண்ணாடியே இல்லை. தட்டும் முன் ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். எங்கே தட்டுவது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சொல்லத் தெரியாது கண்ணு, கையக் குடு" என்று என் கையைப் பிடித்துத் தண்டின் மேல் வைத்தார். இப்போது அவருக்கு வலது கை லேசாக நடுங்குகிறது. மகன் உணவு டெலிவரிக்குப் போகிறார். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை, பட்டறையில் வாரம் இரண்டு வண்டி வந்தால் அதிகம்.

இதற்குச் சட்டம் என்ன செய்கிறது? 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயது ஆகியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. 1983இல் பிறந்த ராஜ்தூத் அந்த மரியாதையைப் பெற 2033 வரை உயிரோடு இருக்க வேண்டும்! கிடைத்த பிறகும் அன்றாடம் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுத்துப் போகலாம். அதுவரை 15 வருஷம் தாண்டிய சாதாரணக் கிழட்டு வண்டிதான், ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைநகரப் பகுதியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஃபரிதாபாத் அந்தப் பகுதிக்குள்தான் வருகிறது. பிறந்த ஊரிலேயே அதற்கு இடமில்லாமல் போனது.

புகையைப் பற்றி என் அறை நண்பன் கேட்டான். டூ ஸ்ட்ரோக் புகைக்கும், மறுக்கவில்லை. தினமும் வேலைக்குப் போக இதை வாங்குங்கள் என்று நான் சொல்லவும் இல்லை. மிஞ்சியிருப்பவை ஓடும் நிலையில் இருக்கட்டும் என்கிறேன். "நீயே பஸ் பாஸில் வருகிறாய், பணக்காரன் பொம்மைக்கு உனக்கென்னடா கவலை?" என்றும் கேட்டான். அது சுருக்கென்று தைத்தது. யோசித்துப் பார்த்தேன். பொம்மை அவர்களுடையதுதான். கிராங்கை நிமிர்த்தும் கை நம் ஆட்களுடையது. அந்தக் கைக்கு இன்றைக்குத்தான் விலை வந்திருக்கிறது, அந்த நேரம் பார்த்துக் கை ஓய்கிறது. எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான்.

ஆர்எக்ஸ் 100 பிழைத்திருப்பதற்குக் காரணம் என்ன? எந்த ஊர் ஸ்பேர் கடையிலும் அதற்குச் சாமான் கிடைக்கிறது. ஆர்டிக்கும் கிடைத்தால் இரண்டு வண்டியை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. இது கோயம்புத்தூர். பம்பு வார்க்கிற ஊர், தெருவுக்குத் தெரு லேத். ஒரு புஷ், ஒரு ஸ்பேசர், ஒரு கேஸ்கெட் செய்யத் தெரியாத ஊரா? வரைபடம் கொண்டுவா, செய்து தருகிறேன் என்கிறார்கள் லேத்காரர்கள். சரியான வரைபடம்தான் அவர்களிடம் இல்லை. மெக்கானிக் மாமாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது, முப்பது வருஷ அளவுகள், பாதி பக்கம் கிரீஸ். படிக்க அவர் ஒருவரால்தான் முடியும்.

நாம் என்ன செய்கிறோம்? வருஷா வருஷம் இறுதியாண்டு புராஜெக்ட் என்று தேங்காய் உரிக்கும் இயந்திரம். அதுவும் நாம் செய்வதில்லை, காசு கொடுத்து வாங்கி வந்து பெயிண்ட் அடிக்கிறோம். வைவா முடிந்ததும் அது எங்கே போகிறது தெரியுமா? அப்பா வேலை செய்யும் கடைக்கு. நான் பார்த்திருக்கிறேன். போன வருஷ பேட்ச் பெயர் எழுதிய ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. வாங்குவதற்குக் கொடுக்கும் காசில் ஒரு கிராங்கை வாடகைக்கு எடுத்து, பிரித்து, அளந்து, டாலரன்ஸ் போட்டு வரைந்தால் என்ன? எங்கள் குழுவில் இதைச் சொன்னபோது, "புதுமை இல்லை" என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை 'ரிவர்ஸ் இன்ஜினியரிங்' என்று தலைப்பை மாற்றிக் கொடுத்தோம், கையெழுத்து ஆகிவிட்டது!

இது அச்சுக்குப் போகும்போது ரீட் வால்வு கூண்டு, கிளட்ச் புஷ், பிஸ்டன் பின் மூன்றும் வரைந்து முடித்திருக்கிறோம். ஹெட்டுக்கு அம்மாவிடம் கெஞ்சி ஒரு வாரம் கடன் வாங்கினோம், கதவுக்குச் செங்கல் வைத்திருக்கிறோம். கிராங்க் பாக்கி இருக்கிறது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மெக்கானிக் மாமா பட்டறையில் பிரிக்கிறோம். முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று பார்க்காமல் யார் வேண்டுமானாலும் வரலாம். வெர்னியர் இருந்தால் எடுத்து வரவும், எங்களிடம் இருப்பது ஒன்றுதான். வெள்ளைச் சட்டை வேண்டாம்.