தள்ளுபடி யார் தலையில்?

ஆடி பிறந்துவிட்டால் போதும், அங்காடித் தெருக்களில் அலை புரளும். சென்னை தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலே கால் வைக்க இடமிராது. கைக்குழந்தையுடன் தாய்மாரும், பையும் கையுமாக முதியோரும், கடைக்கதவு திறக்குமுன்பே காத்துக் கிடப்பர். அந்தக் கூட்டத்தைச் சுட்டிக்காட்டி, "விலைவாசி ஏறிவிட்டது, வேலை இல்லை என்று ஓலமிடுகிறீர்களே, வாங்க மட்டும் பணம் எங்கிருந்து வந்தது?" என்று எக்காளமிடுகின்றனர் சில மேதாவிகள்.

அவர்களைக் கேட்கிறோம்: பணம் படைத்தவர் தள்ளுபடிக்காகத் தவம் கிடப்பதுண்டா? வைரம் வாங்குவோர் வரிசையிலே நிற்பதுண்டா? தேவைப்பட்ட அன்றே தேவையானதை வாங்க வகையற்ற குடும்பமன்றோ, கிழிசலைத் தைத்துத் தைத்து ஆடிவரை நாளைக் கடத்துகிறது! அந்தக் கூட்டம் செல்வத்தின் அணிவகுப்பு அல்ல, ஐயா! இல்லாமையின் வாக்குமூலம்!

ஆடியிலே மணம் கூடாது என்றனர். மணமில்லையேல் பட்டுக்கும் பாத்திரத்துக்கும் விற்பனை ஏது? உழவன் கைப்பணமோ ஆடிப்பட்டத்து விதைக்குப் போய்விடும். தேங்கிய சரக்கைத் தள்ள வணிகர் கண்ட வழியே தள்ளுபடி. ஆகாத மாதம், ஆதாய மாதம் ஆயிற்று! புதுவாழ்வு தொடங்க அஞ்சும் மாதத்திலே, பழஞ்சரக்கு வாங்க மட்டும் அச்சமில்லை நம்மவர்க்கு!

தேங்கியதை விலை குறைத்து விற்பது குற்றமன்று. குறைப்பதாகக் கூறிக் கூட்டுவதே குற்றம். குறித்த விலை, தள்ளுபடி, விற்பனை விலை என்று வகுப்பறையிலே நாம் சொல்லித் தரும் கணக்குத்தான் இது. 1,000 ரூபாய்ச் சேலைக்கு 1,500 என்று சீட்டு ஒட்டி, 30 விழுக்காடு தள்ளினால் விலை 1,050. ஐம்பது ரூபாய் அதிகம் கொடுத்த தாய், 450 ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்து திரும்புகிறாள்! "50 விழுக்காடு வரை" என்ற விளம்பரத்திலே ஐம்பது ஆனையளவு, "வரை" எறும்பளவு. ஐம்பதும் அதற்குமேல் இருபதும் தள்ளுபடி என்றால் எழுபது அன்று, அறுபதே. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அதுவும் மூன்றும் தேவைப்படுவோர்க்கே!

சலுகை விலையில் விற்கும் எண்ணமின்றிச் சலுகை என விளம்பரம் செய்வது முறையற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சட்டம் ஏட்டிலே இருக்கிறது. சீட்டோ சேலையிலே தொங்குகிறது! கையிலே காசில்லையா, கடன் அட்டையை நீட்டு, வட்டியில்லாத் தவணை என்கின்றனர். வட்டியே இல்லாத கடன் என ஒன்று கிடையாது என்று 2013இல் ரிசர்வ் வங்கியே கூறிற்று. வட்டி ஒழிவதில்லை, விலைக்குள்ளோ கட்டணத்துக்குள்ளோ ஒளிகிறது.

மெய்யாகவே விலை குறைந்தால்? அந்தக் குறைவை யார் சுமக்கிறார் என்று கேட்க வேண்டாமா? 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்சிலும் தள்ளுபடி உண்டு. அங்கே விற்பது நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணி, தள்ளுபடிக்கு அரசின் மானியம் துணை. தனியார் தறியிலே கூலிக்கு நெய்பவனுக்கு அந்தத் துணை ஏது? கடையின் தள்ளுபடி அவன் கூலியைக் கடித்தால் கேட்பார் யார்? துணி விரித்துக் காட்டும் பெண்ணையும் எண்ணிப் பாருங்கள். காலையிலிருந்து இரவுவரை நின்றே உழைத்தவள் உட்கார ஓர் இருக்கை தரவேண்டும் என்பதற்கே, 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது! தள்ளுபடிக் கூட்டம் பெருகப் பெருக, அவள் கால்வலியும் பெருகுகிறது.

தாய்மாரே, தோழர்களே! மலிவை நாடும் உங்களை நாம் பழிக்கவில்லை. தேவையை வீட்டிலேயே எழுதிச் செல்லுங்கள். சென்ற மாதம் இதன் விலை என்ன என்று கேளுங்கள். இரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாங்காமல் வந்த பொருளுக்குத்தான் நூறு விழுக்காடு தள்ளுபடி என்பதை மறவாதீர்!

ஆள்வோரே, கூட்டத்தைக் கண்டு களிக்காதீர்! உழைப்பவன் தனக்கு வேண்டிய வேட்டியை வேண்டிய நாளில், உரிய விலையில் வாங்கக் கூடிய கூலிக்கு வழி செய்யுங்கள். ஆடிவரை காத்திருக்கத் தேவையில்லாத வாழ்வே நாம் கேட்பது. அதிலே தள்ளுபடி செய்ய நாம் ஒப்போம்!