மரத்தின் மேல் பழி

என் தகப்பனார் வீட்டுத் திண்ணையில் அறுபது வருஷம் நின்ற பலா மரத் தூண், என் வீட்டுக் கொல்லை வாசலில் பதினோரு வருஷங்கூட நிற்கவில்லை. சென்ற ஐப்பசி மழையில் கதவோடு சாய்ந்தது. மேஸ்திரி வந்து காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "மட்ட மரம், சார். இனிமேல் சிமெண்டுத் தூணே போட்டுவிடலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். மரத்தின் மேல் பழி போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு, அது எதிர்வழக்காடாது. ஆகையால் அதற்காக நான் வக்காலத்து வாங்குகிறேன்.

முறிந்ததைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். மேல்பாகம் தட்டினால் கணீரென்றது. அடிமுனையும் அவ்வளவாகக் கெடவில்லை. தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண்தான் பிண்ணாக்காய் உதிர்ந்தது. மட்ட மரமென்றால் அந்த ஒரு சாண் மட்டுமா மட்டம்?

ஈரந்தான் குற்றவாளி என்பவர்கள் ஆம்ஸ்டர்டாம் அரண்மனைக்கு என்ன சொல்வார்கள்? 1648-இல் தொடங்கிய அந்தக் கட்டடம் 13,659 மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது. அவை நிலத்தடி நீரிலேயே மூழ்கிக் கிடப்பவை. மரத்தை உளுத்துப் போகச் செய்வது பூஞ்சக்காளான். அதற்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். மூழ்கிய கட்டைக்குக் காற்றில்லை. திண்ணைத் தூணுக்கு ஈரமில்லை. இரண்டும் கைகோக்கிற இடம் தரைமட்டத்து ஒரு சாண்.

சரி, சுற்றிலும் சிமெண்டுக் கலவை கொட்டியிருந்ததே? அங்கேதான் கொலையே நடந்தது. வெயிலில் மரம் சுருங்கும். சிமெண்டு கூடவே சுருங்கி வராது. நடுவில் விழுந்த சந்தில் மழைத்தண்ணீர் இறங்கிற்று, வெளியேற வழியில்லை. தூணை நான் நடவில்லை, ஒரு கோப்பைத் தண்ணீரில் நிறுத்தியிருந்தேன். கலவை கொட்டச் சொன்னவர் இதே மேஸ்திரி. தலையாட்டினவன் நான்.

மரத்துக்கு மருந்தேற்ற முடியாதா என்பீர்கள். செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புக்களை ஏற்றும் முறையை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தவரே நம்மவர், சோண்டி காமேசம். உலகமெங்கும் அதைக் கையாண்டார்கள். ஆர்சனிக் நஞ்சாயிற்றே என்று 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அநேகமாக நிறுத்திவிட்டார்கள். கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் எனக்கும் அது வேண்டாம்.

தகப்பனார் காலத்துத் தச்சன் மருந்து எதையும் தேடவில்லை. தூணைக் கல்லின் மேல் நிறுத்தினான், அவ்வளவுதான். "கொல்லைக் கதவு ஆடுமே, சார்" என்றார் மேஸ்திரி. நியாயமான ஆட்சேபம். கருங்கல்லை ஆழப் புதைத்து, மிஞ்சிய தூணை அதோடு இரும்புப் பட்டையால் இறுக்கி, அதன் கால் தரைக்கு நான்கு விரற்கடை மேலே நிற்கும்படி செய்யச் சொன்னேன். கூலி கூடுமென்றார். கொடுத்தேன்.